தாராளவாதமும் பழமைவாதமும்: சென்னை மாகாண அனுபவம்

தனிமனிதனை அரசின் பிடியிலிருந்தும் வழக்கத்தின் பிடியிலிருந்தும் விடுவிக்க முனைவது தாராளவாதம். நிலைபெற்ற அமைப்பை அவசர மாற்றத்திலிருந்து காக்க முனைவது பழமைவாதம். ஆனால் காக்கப்படும் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறு. 1980களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் பழமைவாதிகள் எனப்பட்டவர்கள் கொர்பச்சேவின் சீர்திருத்தத்தை எதிர்த்த கம்யூனிஸ்டுகள். ஆஸ்திரேலியாவிலோ லிபரல் கட்சி என்பதே பழமைவாதிகளின் கட்சி.

சென்னை மாகாணத்திலும் பெயர் ஒன்று, பொருள் ஒன்று. 1916இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம் ஆங்கிலப் பெயரில் 'லிபரல்' என்ற சொல்லைத் தாங்கியிருந்தது. தன் ஏட்டின் பெயரால் நீதிக்கட்சி என்றே அறியப்பட்ட அதில் பொப்பிலி அரசர் போன்ற ஜமீன்தார்கள் முன்னணியில் நின்றார்கள். நிலவுடைமையில் அது பழமையின் பக்கம். பிறப்பால் வந்த உத்தியோக ஆதிக்கத்தை உடைப்பதில் புதுமையின் பக்கம்.

நிலவுடைமைக்குச் சேத்தூரை எடுத்துக்கொள்வோம்: பாளையமாக இருந்து ஜமீனான ஊர் அது. ஜமீன் முறையில் குடியானவர் தீர்வை செலுத்தியது ஜமீன்தாரிடம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இடையில் நின்றவரை நீக்கி, உழுதவரை நேரே அரசோடு இணைத்தது. சொத்துரிமையைப் புனிதமாகக் கருதும் பழைய தாராளவாதிக்கு இது அத்துமீறல், குடியானவருக்கு விடுதலை.

இந்த முரண் முற்றியது, பக்கத்து ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை மாகாண அரசை நடத்திய காலத்தில். 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழை மாகாணத்துக்குள் வரவிடாமல் அவரது அரசு தடுத்தது. 1950இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிப் பேச்சுரிமையை நிலைநாட்டியது. அதே நீதிமன்றம் 1951 ஏப்ரலில், சம்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. இரண்டுக்கும் அடிப்படை தனிமனித உரிமையே. முதல் தீர்ப்பு அரசின் கையைக் கட்டியது, சரி. இரண்டாவது, ஏற்கெனவே முன்னேறியிருந்தவர்களுக்கே அரணாயிற்று. அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டது, ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குக் காப்பளித்தது, பேச்சுரிமைக்குக் கூடுதல் வரம்பும் விதித்தது. ஒரே திருத்தத்தைத் தாராளவாதம் என்றோ பழமைவாதம் என்றோ ஒரு சொல்லில் அடக்க முடியாது.

1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தையும் லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியையும் எதிர்த்தது. பொருளாதாரத்தில் தாராளம். சமூகத்தில் அப்படியல்ல: ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். அவ்வாறு எதிர்த்தவர்களில் தி.மு.க.வும் உண்டு. ஆயினும் 1967 தேர்தலில் காங்கிரசுக்கு எதிராகத் தி.மு.க., சுதந்திரா, மார்க்சிஸ்ட் மூன்றும் ஒரே அணியில் நின்றன. சுதந்திராவுக்குச் சட்டமன்றத்தில் 20 இடங்கள் கிடைத்தன.