மருந்து தேடும் குழுவின் தலைமை
(நம் சங்கத்தின் கல்விநிதி ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் மருந்தாராய்ச்சியைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பைத் தரலாம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் கல்விநிதிக்கு வந்த மனுக்களுள் ஒன்று, உயிரியலையும் கணினியையும் சேர்த்துப் பயில விரும்பிய ஒரு பெண்ணினுடையது. “மருத்துவமும் அன்று, பொறியியலும் அன்று, இதற்கு உத்தியோகம் யாது?” என்று வினவி அதனை ஒதுக்கி வைத்தோம். அம்முடிவில் எம் கையொப்பமும் உண்டு. அப்படிப்பு இன்னதென்பதைப் பின்னரே தேடி அறிந்தோம். முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு நோய்க்கு மருந்து காண்பதாவது, உடலினுள் எந்தப் புரதத்தின் தொழிலைத் தடுத்தால் நோய் தணியும் என்று துணிந்து, அப்புரதத்தைப் பற்றவல்ல மூலக்கூறு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாம். புரதங்களோ பல்லாயிரம், மூலக்கூறுகளோ எண்ணில. இவைபற்றி வெளிவந்த கட்டுரைகளைப் படித்து முடிக்க ஒருவர்க்கு ஓர் ஆயுள் போதாது. ஆகவே அவற்றைக் கணினியில் ஏற்றி, இன்ன நோய்க்கு இன்ன புரதம், இன்ன புரதத்தைத் தடுப்பது இன்ன மருந்து என வலைபோற் பின்னி வைக்கின்றனர். அவ்வலையை ஆராயும் குழுவில் உயிரியலார், வேதியியலார், கணிதர், கணினி வல்லார் என்னும் பல திறத்தாரும் இருப்பர். ஒருவர் மொழி மற்றொருவர்க்கு எளிதில் விளங்குவதன்று. இவர்கள் அனைவரையும் ஒரு கேள்வியின்மேல் நிறுத்துபவரே தலைவராவார்.

இதற்கு ஓர் உண்மை வரலாறு கூறுவோம். 2020 சனவரியில் கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது, இலண்டனிலுள்ள பெனவலண்ட் ஏ.ஐ. என்னும் நிறுவனத்தில் பீட்டர் ரிச்சர்ட்சன் என்னும் மருந்தியலார் முன்னின்று இத்தகைய தேடலை நடத்தினார். புதுமருந்து ஆக்குதற்குப் பல்லாண்டு செல்லும்; நோயோ காத்திராது. ஆதலின், வேறொரு நோய்க்கு முன்னரே அனுமதி பெற்ற மருந்துகளுள் இதற்கு உதவுவது உண்டோ என்பதே அவர் எழுப்பிய கேள்வி. வைரஸ்கள் பெரும்பாலும் உயிரணுவினுட் புகுவது, அவ்வணு அவற்றை விழுங்கும் வழியாலே. விழுங்குந் தொழிலை நடத்தும் நொதிகளுள் ஒன்று ஏ.ஏ.கே.1 என்பது. அதனைத் தடுப்பன எவை என்று வினவ, வலையினின்று 378 பொருள்கள் வந்தன. அவற்றுள் மருந்தாக அனுமதி பெற்றவை 47. அந்நொதியை வலுவாகப் பற்றுவன 6.

அன்பர்களே! கணினியின் வேலை பெரும்பாலும் இவ்வளவே. பழைய ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடுவோர் படும் பாட்டை யாம் ஓரளவு அறிவோம். பாடபேதங்களை எல்லாம் திரட்டி அடுக்குதல் ஒரு வேலை. இது கொள்ளத்தக்கது, அது தள்ளத்தக்கது எனத் துணிதல் முற்றிலும் வேறு வேலை. அந்த ஆறனுள் சுனிட்டினிப், எர்லோட்டினிப் என்னும் புற்றுநோய் மருந்துகளும் இருந்தன. வேண்டிய அளவு கொடுப்பின் அவை நோயாளிக்கே தீங்காகும் என்று குழுவினர் அவற்றைத் தள்ளினர். முடக்குவாதத்திற்கு வழங்கும் பாரிசிட்டினிப் என்னும் மருந்தைக் கொண்டனர். அது நாளொன்றுக்கு ஒருமுறை வாயால் உட்கொள்ளத்தக்கது. பிற மருந்துகளோடு மோதுவது குறைவு. அன்றியும் மிகைப்பட்ட அழற்சியைத் தணிப்பது. தொற்றுநோயில் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுக்கலாமோ என்னும் அச்சம் அப்போது பலர்க்கும் இயல்பே. 2020 பெப்ரவரியில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய சிறு கட்டுரை, இது மருந்து என்று முழங்கவில்லை. தக்க நோயாளிகளிடத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றே கூறிற்று. தலைமையின் அழகு அவ்வடக்கத்தில் இருக்கின்றதென்பது எம் கருத்து.

சோதனைகள் நடந்தன. அமெரிக்க அரசு 2020 நவம்பரில் அவசர அனுமதி அளித்தது. 2021 மே மாதத்தில் நம் நாட்டிலும் அளிக்கப்பட்டது. 2022-இல் இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு, மருத்துவமனையிற் சேர்ந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரை இரு கூறாக்கிப் பார்த்தபோது, இம்மருந்து பெற்றோருள் இறந்தவர் நூற்றுக்கு 12, பெறாதோருள் 14 எனக் கண்டது. நூற்றுக்கு இரண்டுதானா என்று கேட்பாரும் உளர். அவ்விருவர் எவர் வீட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மறுபக்கம். அதே நிறுவனம் அதே வகை வலையைக் கொண்டு தேர்ந்த, தோலழற்சிக்கான பூச்சு மருந்து ஒன்று 2023 ஏப்ரலில் சோதனையிற் பயனின்றிப் போயிற்று. அடுத்த மாதமே ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் குறைக்கும் திட்டத்தை நிறுவனம் வெளியிட்டது. ஆகலின் இத்தொழில் இடரற்றதென்று பெற்றோர்க்கு யாம் உறுதி கூற வரவில்லை. மருந்தாராய்ச்சியில் தோல்வியே பெரும்பான்மை. ஆஸ்ட்ராசெனெகா நிறுவனம் 2005 முதல் 2010 வரை தேர்ந்த மருந்துகளில் மூன்றாங்கட்டச் சோதனையைக் கடந்தவை நூற்றுக்கு நான்கே. எத்தனை மருந்துகளை முன்னே தள்ளினோம் என்று எண்ணிப் பெருமை கொள்ளும் வழக்கத்தை விட்டு, தகாதவற்றைத் தொடக்கத்திலேயே நிறுத்தப் பழகிய பின்னர், 2012 முதல் 2016 வரையில் அது 19 ஆயிற்று. “இதனை இத்துடன் நிறுத்துக” என்று ஓராண்டு உழைத்தவரிடத்துக் கூறுவது எளிதன்று. அதனைச் சொல்லவும், சொன்னபின் அவரை மனமுடையாமற் காக்கவும் வல்லவரே அங்கே தலைவராக முடியும்.

அப்பெண்ணின் மனுவில் விரும்பும் படிப்பு என்னுமிடத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே வரி. காரணம் எழுத நம் படிவத்தில் இடமே இல்லை. அவளை அழைத்துக் கேட்டாரும் இல்லை. செயற்குழு வரும் தை மாதம் கூடுகின்றது. அம்மனுவை மீண்டும் எடுத்து வைக்குமாறு செயலாளர் அவர்களிடம் எழுத்துமூலம் கேட்டிருக்கின்றோம். இம்முறை அவளையும் அவள் தந்தையாரையும் நேரில் வரச்சொல்லுமாறும் கேட்டிருக்கின்றோம்.