கொல்லிமலைப் படிகளும் நம் மாடிப்படிகளும்

(மூத்த குடியிருப்போர் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரை)



போன மாதம் நாம் கொல்லிமலை போய் வந்தோம் அல்லவா? 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வேன் ஏறிவிட்டது. ஆகாய கங்கை அருவியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை நாம்தான் ஏற வேண்டியிருந்தது. பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். தலையில் அன்னாசிக் கூடையோடு ஒரு பாட்டி நம்மைத் தாண்டி ஏறிப் போனார்.

மேலே வந்து முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். சித்தர்கள் வாழ்ந்த மலையாயிற்றே என்று, இளமை திரும்பும் என்று விற்ற பொடியையும் வாங்கினோம். நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். அந்தப் பொடியை நம்பி நம்மில் ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பழைய விலங்கியல் ஆசிரியர் இன்று பேச வந்தேன்.

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. உண்ட சோறும் இழுத்த மூச்சும் அங்கேதான் ஆற்றலாகின்றன. அவற்றுக்கு 37 மரபணுக்கள் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு. அது தாய் வழியாக வருவது. வயது ஏற ஏற அதில் பிழைகள் சேரும், அடுப்பு மங்கும்.

அடுப்பென்றால் புகையும் உண்டு. இங்கே அந்தப் புகையின் பெயர் ஃப்ரீ ராடிக்கல். அதுதான் மூப்புக்குக் காரணம் என்று அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னார். புகையை அடக்கும் மாத்திரை விழுங்கினால் போதும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் 2009இல் ஜெர்மனியில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கொஞ்சம் புகை இருந்தால்தான், அடுப்பைப் பலப்படுத்து என்று உடலுக்குச் செய்தி போகிறது. இதற்காகப் பழம், கீரையை விட்டுவிடாதீர்கள். சொன்னது மாத்திரையைப் பற்றி மட்டும்.

2004இல் சுவீடனில், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பிழைகள் குவியும்படி எலிகளை உருவாக்கினார்கள். அவை முடி கொட்டி, கூன் விழுந்து, சீக்கிரமே செத்தன. 2011இல் கனடாவில் அதே வகை எலிகளை வாரம் மூன்று நாள், ஐந்து மாதம் ஓடவிட்டார்கள். ஓடியவை முதுமை தட்டாமல் இருந்தன.

எலி வேறு, மனிதன் வேறு. ஓடினால் நூறு வயது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயதான பிறகு தொடங்கினாலும் பயிற்சியால் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்பது மனிதர்களிடமே பார்த்தது. அந்தப் பாட்டியின் கால்களுக்கு இது தினசரிப் பயிற்சி.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். நாளைக்கு ஒருமுறையாவது மாடிப்படி ஏறுங்கள். இறங்கும்போது முழங்கால் வலித்தால் லிஃப்டில் இறங்குங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது, செயலாளருக்கு: பி பிளாக் படிக்கட்டில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை, கைப்பிடியும் ஆடுகிறது. இந்த வாரமே சரிசெய்யுங்கள் ஐயா.

என் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நான் இரண்டாவது மாடி வரை ஏறத் தொடங்கிவிட்டேன். துணைக்கு யாராவது வந்தால் மூன்றாவது மாடிக்கும் போகலாம்.