திட்டமிட்ட பயணமே தித்திக்கும்!

(படூர் பட்டிமன்றம். தலைப்பு: "குடும்பச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமே! திடீர்ப் பயணமே!" திட்டமிட்ட பயணமே என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

அன்பும் அனுபவமும் நிறைந்த நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிவதற்கு முன்பே "இல்லை, இல்லை" என்று தலையாட்டிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, படூர் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் பேசினார். கேட்கக் கேட்க இனிப்பா இருந்துச்சு. "திட்டம் போட்டா அது ஆபீஸ் வேலை. திடீர்னு கிளம்பினாத்தான் சுற்றுலா. அக்டோபர் லீவா? இலங்கை இதோ பக்கத்தில. பையை எடு, பாஸ்போர்ட்டை எடு, கிளம்பு!" அப்படின்னார். நீங்களும் கை தட்டினீங்க.

நடுவர் ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பையை எடுன்னு சொன்னாரே, அந்தப் பையில துணியை மடிச்சு வெச்சது யாரு? (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா திடீர்னுதான் கிளம்புவார். ஆனா மாமியாருக்கு மாத்திரை, பிள்ளைக்கு ஸ்வெட்டர், பால்காரருக்குத் தகவல், பக்கத்து வீட்டில சாவி, இதெல்லாம் தானாவே நடந்திருக்கும். ஆக, குடும்பத்தில் திடீர்ப் பயணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒருத்தருக்கு அது திடீர். இன்னொருத்தருக்கு அது பத்து நாள் வேலை. அவ்வளவுதான் வித்தியாசம்! (பலத்த கைதட்டல்)

இலங்கைன்னு அவரே ஆரம்பிச்சு வெச்சார். நானும் இலங்கைக்கே வர்றேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இங்கே படூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி மத்திய கைலாஷ் போய்ச் சேர்றதுக்குள்ள, அவங்க கொழும்பில் இறங்கி டீ குடிச்சிடுவாங்க. (சிரிப்பு) பக்கம்தான், ஒத்துக்கிறேன். ஆனா பக்கத்தில இருக்கிறதாலேயே தெரிஞ்ச இடம்னு ஆயிடுமா?

படத்தில் பார்த்தால் ஒரு மாம்பிஞ்சு மாதிரி இருக்கும். பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. அதற்குள்ளே என்னென்ன இருக்கிறது பாருங்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் பனைமரம் நிற்கிற சமவெளி. நடுவிலே அனுராதபுரம், பொலன்னறுவை என்று மன்னர்கள் வெட்டிய பெரிய பெரிய குளங்கள். தெற்கே இறங்கினால் 6,000 அடிக்கு மேலே நுவரெலியா, தேயிலை மலை. கிழக்கே திருகோணமலை, மேற்கே கொழும்பு, எந்தப் பக்கம் போனாலும் கடல். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நாலையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் எப்போது போகிறோம்? அக்டோபரில். வெள்ளைக்காரர்கள் அதை இலையுதிர் காலம் என்பார்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அங்கே இலை உதிரும்; இங்கே குடை விரியும்! (சிரிப்பு)

படூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் கேளம்பாக்கத்தில் உப்பளம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் யாராவது பாத்தி கட்டி உப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்களா? கோவளத்து மீனவர் தினமும் கடலுக்குப் போகிறவர்தான். ஆனால் வானத்தைப் பார்க்காமல், காற்றைப் பார்க்காமல் படகைத் தள்ளுவாரா? கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் திடீரென்று கிளம்புவதில்லை. கடலை வருஷத்துக்கு இரண்டு தரம் பார்க்கிற நாம கிளம்பிடுவோம்! (கைதட்டல்)

இலங்கையில் மழை ஒரே சமயத்தில் நாடு முழுக்கப் பெய்யாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். கொழும்பு, காலி, மலைநாட்டின் மேற்குப் பக்கம் நனையும். அப்போது திருகோணமலைக் கடற்கரையில் வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். அப்போது கிழக்கு நனையும், தெற்குக் கடற்கரை காயும். நடுவிலே இருக்கிற அக்டோபரும் நவம்பரும் காற்று திசை மாறுகிற காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். மதியம் தாண்டினால் இடி, மழை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காது.

இது தெரியாதவர் அக்டோபரில் போனால் என்ன செய்வார்? முதல் நாள் கொழும்புக் கடைவீதி, இரண்டாம் நாள் தெற்குக் கடற்கரை என்று சுற்றிவிட்டு, கிழக்கே திருகோணமலையைக் கடைசிக்கு வைப்பார். போகும்போது மழை அவரை வரவேற்கும். தெரிந்தவர் என்ன செய்வார்? காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, அக்டோபர் தொடக்கத்திலேயே போவார். இறங்கியதும் கிழக்கே திருகோணமலையை முதலில் முடிப்பார். பிறகு மலை, கடைசியில் கொழும்பு. பார்க்கிற வேலையெல்லாம் காலையில். மதியத்துக்கு மேலே காரில் பயணம். அதே நாடு, அதே பணம், அதே ஆறு நாள். வரிசையை மாற்றியதில்தான் சுகம்!

இன்னொன்று. சின்னப் பையன், "எனக்கு யானை பார்க்கணும்பா" என்கிறான். மின்னேரியாக் குளத்தில் கோடையில் தண்ணீர் வற்றி, கரையில் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஐப்பசி மழையில் குளம் நிரம்பிவிட்டால் யானை காட்டுக்குள் போய்விடும். நாம் திடீரென்று வருவோம் என்று யானைக்குத் தெரியுமா? (சிரிப்பு) பெரியவர், "சிவனொளிபாத மலை ஏறணும்" என்கிறார். அங்கே யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதம் முடியும். அக்டோபரில் போனால் படியில் விளக்கு எரியாது, வழியில் கடை இருக்காது.

எதிரணி நண்பர்களுக்கு ரகசியமாக ஒன்று சொல்கிறேன். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா தினம் என்பார்கள். அன்றைக்கு மதுக்கடையும் கிடையாது, இறைச்சிக்கடையும் கிடையாது. திடீர்ப் பயணம் போய், அந்த நாளில் மாட்டிக்கொண்டு, ஊருக்கு வந்து "அந்த நாடே சரியில்லை" என்று சொல்லாதீர்கள்! (நீண்ட சிரிப்பு)

நடுவர் ஐயா, இதுவரை சிரிக்கச் சொன்னேன். இனி கொஞ்சம் மனசுவிட்டுப் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அப்பா இல்லை, வயசான அம்மா, மகன், மருமகள், ஒரு பேத்தி. மகன் தங்கமான பையன். ஒரு சனிக்கிழமை, "அம்மா, வர்ற வியாழக்கிழமை இலங்கை போறோம், கோணேஸ்வரம் காட்டறேன்"னு சொல்லிட்டான். அந்த அம்மாவுக்கு அஞ்சு நாளும் கால் தரையில் படவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னார்கள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். மகனுக்கு ஆறு வருஷம் இருக்கிறது, மருமகளுக்கு எட்டு வருஷம் இருக்கிறது. அம்மாவுடையது முடிய நாலு மாசம்தான் இருக்கிறது. குறைந்தது ஆறு மாசம் இருக்க வேண்டும் என்பது விதி. அனுப்பவில்லை.

அந்த அம்மா அழவில்லை, ஐயா. "நீங்க போயிட்டு வாங்கப்பா. கட்டின பணம் வீணாப்போயிடும். வீட்டையும் ஒருத்தர் பாத்துக்கணும்ல"ன்னு சொல்லிட்டு, புதுப் புடவையோட, தனியா டாக்சியில் திரும்பி வந்து வீட்டைத் திறந்தார்கள். (அமைதி)

மகனுக்கு அன்பு இல்லையா? நிறைய இருந்தது. ஒரு மாசம் முன்னால் உட்கார்ந்து, நாலு பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வைத்து ஒரு பத்து நிமிஷம் பார்த்திருந்தால், அந்த அன்பு கோணேஸ்வரம் போய்ச் சேர்ந்திருக்கும். அன்பு மனசில் இருந்தால் மட்டும் போதாது ஐயா, காகிதத்திலும் ஏற வேண்டும்! (பலத்த கைதட்டல்)

திட்டம் என்றால் கணக்கு என்று எதிரணி நினைக்கிறது. திட்டம் என்றால் கேட்பது. "அம்மா, உங்களுக்கு எங்கே போகணும்? முழங்கால் தாங்குமா?" சிகிரியாக் குன்றில் ஏறக்குறைய 1,200 படி. அம்மாவால் முடியாது என்று தெரிந்தால், அன்றைக்கு அவர்களை அனுராதபுரத்துப் போதிமர நிழலில், சமதரையில் நடக்க வைக்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தான். படத்தில் விரல் அளவு. ஆனால் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, மூன்று மணி நேரம் பிடிக்கும். வாந்தி வரும் பிள்ளைக்கு நடுவிலே நிறுத்த வேண்டும். "உனக்கென்னம்மா வேணும்?" என்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு நாளாவது சமைக்காம, யாராவது போட்டுக் கொடுக்கிற டீயைச் சூடாக் குடிக்கணும்" என்பாள். அதற்கு நுவரெலியாவே வேண்டாம், ஆனாலும் கூட்டிக்கொண்டு போங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

போகும்போது பேத்திக்குச் சொல்லிக்கொண்டே போங்கள். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர், ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்னாலிருந்து நம் மாவட்டங்களை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் வாரிசுகள். முதலில் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள், பிறகு தேயிலை வந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் பச்சை மலையாகத் தெரியாது.

"மழை பெஞ்சா என்ன, நனைஞ்சா ஜாலிதானே" என்றார் எதிரணியில் ஒருவர். ஐயா, கூதிர்காலத்துக் கடலோடு விளையாட்டு வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு கடலுக்குப் போனது. இலங்கைக்குப் போகிற பழைய வழியே அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். எவ்வளவு சந்தோஷம்! ஒரே வாரத்தில் பருவநிலை காரணமாக நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. மலைநாட்டில் மண் சரிந்தது, ரயில் பாதை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பயந்துகொண்டு வீட்டிலேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் போய் வரலாம். நவம்பர் கடைசியில் மலைக்குப் போவதென்றால் வானிலை அறிக்கையைக் கேட்டு, பாதையை விசாரித்து, ஆபத்தென்றால் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போடுவதும் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

எதிரணியும் ஒரு நியாயம் சொன்னது. சாயங்காலம் தோணினா கோவளம் போய்ச் சுண்டல் சாப்பிடறதுக்குத் திட்டம் வேண்டுமா என்றார்கள். வேண்டாம். தாராளமாகப் போங்கள். ஆனால் கோவளம் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வேறொரு நாட்டில், மழை நாளில், வயசானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு அறை தேடுவது சுண்டல் சாப்பிடுகிற விஷயம் இல்லை. (கைதட்டல்)

அவர்கள் கேட்கிற திடீர் மகிழ்ச்சிக்கும் என் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆறு நாள் பயணத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவிடுங்கள். அன்றைக்கு எந்த ஊரும் எழுதாதீர்கள். மழை வந்தால் அறையில் சீட்டாடுங்கள். வெயில் வந்தால் கால் போன போக்கில் நடங்கள். மற்ற ஐந்து நாளும் ஒழுங்காக இருந்தால்தான் அந்த ஒரு நாள் இனிக்கும்.

ஆகவே, நடுவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, அடுத்த லீவுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்காருங்கள். மூன்றே கேள்வி. அங்கே அப்போது மழை எந்தப் பக்கம்? நம் எல்லார் பாஸ்போர்ட்டும், இணையத்தில் வாங்க வேண்டிய முன் அனுமதியும் சரியாக இருக்கிறதா? நம்மில் மெதுவாக நடக்கிறவர் யார்? அவர் நடக்கிற வேகம்தான் உங்கள் பயணத்தின் வேகம். அவரை வைத்துத் திட்டம் போட்டால் ஒருத்தரும் பின்தங்க மாட்டார்கள், ஒருத்தரும் தனியாக வீடு திரும்ப மாட்டார்கள்.

குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய், குடும்பமாகவே திரும்பி வருவது திட்டமிட்ட பயணத்தில்தான். எனவே குடும்பச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமே என்று தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். 

(பலத்த கைதட்டல்)