மறுப்பும் மாணவரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றுபவன் நான். கல்லூரி மாணவர்கட்கு அறிவுரை கூற இவனுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு தகுதி உண்டு. முன்பதிவு ஜன்னலில் அமர்ந்து, நாள்தோறும் பலருக்கு "இடமில்லை" என்று சொல்வது என் தொழில். மறுக்கப்பட்டவர்களின் துன்பத்தைப் பலரும் பேசியிருக்கின்றனர். மறுக்கின்றவன் பக்கத்திலிருந்து சில சொற்கள் கூறவே நான் வந்திருக்கின்றேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தென்னாடு செல்லும் வண்டிகளில் இடம் கேட்டு நிற்போரின் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அக்கூட்டத்தில் நின்றவர்களே. "இடமில்லை" என்று நான் சொல்லும்போது, எதிரே நிற்பவர் அறிஞரா, நல்லவரா என்று ஆராய்வதில்லை. படுக்கைகள் எத்தனை, பதிவானவை எத்தனை என்பதைத்தான் கணிப்பொறி எனக்குக் காட்டுகின்றது. இன்று திரும்பிப் போனவருக்கே மறுநாள் வேறொரு வண்டியில் இடம் கிடைப்பதுண்டு. ஓர் இரவுக்குள் அவருடைய தகுதி உயர்ந்துவிட்டதா? இல்லை. வண்டிதான் வேறு, மனிதர் அவரேதான்.

வேலையும் மேற்படிப்பும் ரயில் படுக்கை அல்ல என்பதை நான் அறிவேன். முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்னும் முறை அங்கில்லை. தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு. ஆயினும், அங்கும் இடங்களின் எண்ணிக்கையே முதலில் தீர்ப்புக் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டில் ரயில்வே தேர்வு வாரியங்கள் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கென அறிவித்த இடங்கள் 35,281. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கும் மேல்! 2023ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலைத் தேர்வு எழுதியவர்கள் 5,92,141 பேர். அவர்களுள் நேர்காணல்வரை வந்தவர்கள் 2,855 பேர். பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். நேர்காணல்வரை சென்றும் அப்பட்டியலில் இடம்பெறாதவர்கள் 1,839 பேர். நாட்டின் மிகக் கடுமையான தேர்வுகளில் ஒன்றின் இறுதிப்படி வரை ஏறியவர்களைத் தகுதியற்றவர்கள் என்று எவர் கூறுவார்?

ஆகவே, மாணவர்களே, மறுப்பு என்பது ஓர் இடத்தைப் பற்றிய செய்தி. அதனை உங்கள் வாழ்நாள் முழுமைக்குமான தீர்ப்பாகப் படித்துவிடாதீர்கள்.

இவ்வாறு கூறுவதால், மறுப்பில் நம்மைப் பற்றிய செய்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் உண்டு. கணித மேதை இராமாநுஜன் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1904ஆம் ஆண்டில் அவர் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1907இல் மீண்டும் எஃப்.ஏ. தேர்வு எழுதியும் தேறவில்லை.

அந்தத் தேர்வு பொய் சொல்லவில்லை. கணிதம் அல்லாத பாடங்களில் இவர் தேறவில்லை என்று கூறியது, அது உண்மையே. ஆனால், இவருக்குக் கணிதம் வராது என்று அது கூறவில்லை. இராமாநுஜன் அவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளவில்லை. பட்டம் கைவிட்டது, குறிப்பேட்டை அவர் கைவிடவில்லை. அதனை எடுத்துக்கொண்டு, கணிதம் அறிந்த பெரியோர்களைத் தேடிச் சென்றார். 1911இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மெட்ரிகுலேஷன் தேறிய குமாஸ்தா என்ற அளவில் அவரும் என் இனத்தவரே! ஒப்புமை அத்துடன் முடிந்தது.

கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இருவர்க்கு அவர் கடிதம் எழுதினார், உதவி கிட்டவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள் மூன்றாமவரான ஹார்டிக்கு எழுதினார். அக்கடிதமே கதவைத் திறந்தது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். இரண்டு கடிதங்களோடு அவர் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாமெல்லாம் இராமாநுஜன் ஆக முடியாது என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் அவர் செய்தவற்றுள் மூன்றனைச் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை. மறுப்பு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது ஒன்று. மறுக்கப்பட்ட நாளிலும் கையிலுள்ள வேலையை விடாதிருப்பது இரண்டு. அடுத்த கதவைத் தட்டுவது மூன்று.

அடுத்த கதவு என்றதும் அப்துல் கலாம் அவர்கள் நினைவுக்கு வருகின்றார். விமானப் பொறியியல் முடித்த அவருக்கு இரண்டு நேர்காணல் அழைப்புகள் வந்தன. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஒன்று. டேராடூனில் விமானப் படையில் மற்றொன்று. உள்ளம் நாடியது விமானப் படையையே. டேராடூனில் இருபத்தைந்து பேரில் அவர் ஒன்பதாமவர். எடுத்துக்கொள்ளப்பட்டவர்களோ எட்டுப் பேர். மனம் உடைந்த அவர் ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பின்னர் டெல்லி வந்தார். அங்கே வேலைக் கடிதம் காத்திருந்தது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பணியேற்றார். அவ்வழியே சென்றவர்தாம் 2002இல் குடியரசுத் தலைவரானார். விரும்பிய ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போதே, ஏற்கத்தக்க மற்றொன்றுக்கும் விண்ணப்பித்து வைத்தலின் பயன் இதுவே. துயரத்தை ஒரு பெரியவரிடம் சென்று சொல்லியதும் அவருடைய வலிமையே ஆகும்.

இனிப் பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளின் வெற்றியைக் கொண்டே நம் வரவின் பயனை அளக்கின்றோம். "ஊரில் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரு கேள்வியை, மறுப்புக் கடிதம் பெற்ற பிள்ளையிடம் தயவுசெய்து கேளாதீர்கள். அரசின் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். காரணங்கள் பல, தேர்வுத் தோல்வியும் அவற்றுள் ஒன்று. அந்த எண்ணில் ஒவ்வொன்றும் ஒரு வீடு. தோல்வியைத் தாங்க முடியாத பிள்ளை முதலில் தேடுவது தன் வீட்டின் முகத்தையே. அம்முகம் சுளித்திருக்கலாகாது. முதல் நாள் சோறு போடுங்கள், அருகில் அமருங்கள், கணக்குக் கேட்பது பிறகு ஆகட்டும்.

உள்ளம் மிகவும் சோர்ந்துவிட்டால், 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவித் தொலைபேசி உண்டு. அதன் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைக் காண்பது போன்றதே இதுவும். இதில் நாணம் கொள்ள ஒன்றுமில்லை.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம்முள் பொறியாளர்கள் உள்ளனர், ஆசிரியர்கள் உள்ளனர், வங்கி அலுவலர்கள் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கவும், நேர்காணலுக்குப் பழக்கவும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இராமாநுஜனுக்குக் குறிப்பேட்டைப் படித்துப் பார்க்கச் சிலர் கிடைத்தனர். நம் பிள்ளைகளின் தாள்களைப் படிக்க நாம் கிடைக்கலாகாதா?

திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' என்னும் அதிகாரத்தை அடுத்து 'இடுக்கண் அழியாமை' என்னும் அதிகாரத்தை வைத்தார். முயற்சியைச் சொன்ன உடனே, துன்பத்தில் கலங்காமையைச் சொன்னார். முயல்பவனுக்கே அத்துணை தேவைப்படும் என்று அவர் கருதினார் போலும். விண்ணப்பிக்காதவனுக்கு மறுப்புக் கடிதம் வருவதில்லை. உங்களுக்கு வந்திருக்கின்றது என்றால், நீங்கள் முயன்றிருக்கின்றீர்கள் என்பதே பொருள். அடுத்த விண்ணப்பத்தையும் எழுதுங்கள். எழுதியதை யாரிடமேனும் காட்டுங்கள்.