குற்றமன்று என்பதும் உரிமம் என்பதும்



திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் ஒரு குடும்பத்துத் தாயார் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் ஒரு சிறு கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டிருந்தான். “வெளிதேசங்களில் இது குற்றமே இல்லையாமே, ஐயா! என் பிள்ளைக்கு மட்டும் ஏன் வழக்கு?” என்றார்.

அவர் கேட்டதில் இரு வேறு பொருள்கள் கலந்திருந்தன. ஒன்று, குற்றப் பட்டியலிலிருந்து நீக்குதல். மற்றொன்று, சட்டப்படி அனுமதித்தல். இரண்டும் ஒன்றே என்று கற்றவர்களும் மயங்குகின்றனர்.

அனுமதித்தல் என்பதைக் கேரளத் தமிழருக்கு விளக்க வேண்டுவதில்லை. களியக்காவிளைக்கு இப்பால் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடைபெறுகின்றது. இறக்குவோரும் விற்போரும் அரசின் விதிகளுக்கு உட்பட்டவர்கள். அப்பால், தமிழ்நாட்டில், 1987 முதல் கள் தடை செய்யப்பட்டுள்ளது. இதே கேரளம் 1996-இல் சாராயத்தை விலக்கிற்று. ஆகவே, அனுமதி என்றால் அரசு ஒரு பொருளின் விற்பனையை ஏற்று, தரம், விலை, வரி, வாங்குவோர் வயது ஆகியவற்றை வரையறுக்கின்றது என்பதே பொருள். கஞ்சாவை இவ்வாறு அனுமதித்த நாடுகள் சில. உருகுவே 2013-இல் சட்டம் இயற்றிற்று. கனடா 2018-இல் அவ்வழி சென்றது.

குற்றநீக்கம் வேறு. நூல்நிலையப் புத்தகத்தைக் காலங்கடந்து திருப்புகிறவர் அபராதம் செலுத்துகின்றார். அவரைக் கள்வரென்று எவரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை. தாமதம் நன்றென்று எவரும் சொல்வதுமில்லை. போர்ச்சுகல் 2001 முதல் இவ்வழியை மேற்கொண்டது. பத்து நாள் பயன்பாட்டு அளவுக்கு மேற்படாத போதைப்பொருள் வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு குழுவின்முன் அனுப்புகின்றனர். பொருள் பறிமுதலாகும், தேவையாயின் அபராதம் விதிக்கப்படும் அல்லது சிகிச்சைக்கு வழிகாட்டப்படும். விற்பவன் அங்கும் குற்றவாளியே. கடைவீதியில் அதற்கு இடமில்லை.

இவ்வழிக்கும் இடர்ப்பாடு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் குற்றத்தை நீக்கி, 2024-இல் மீண்டும் குற்றமாக்கிற்று. தண்டனையை எடுப்பது எளிது; அதன் இடத்தில் சிகிச்சையை நிறுவுவதே அரிது. அனுமதிக்கும் வழியிலும் ஓர் ஆபத்து உண்டு: விற்பனை பெருகினால் வருவாய் பெருகும், வருவாயில் பழகிய கை அதை எளிதில் விடாது.

நம் நாட்டு நிலை யாது? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, உட்கொள்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். ஆயின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரித்தது. கஞ்சாவில் ஒரு கிலோகிராம் வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருபது கிலோகிராமுக்கு மேற்பட்டால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. வடநாட்டில் வாழும் நேயர்கள் உரிமம் பெற்ற பாங்குக் கடைகளைக் கண்டிருப்பீர்கள். அச்செடியின் பூக்கொத்தைக் கஞ்சா என்று கூறும் சட்டம், தனித்த இலையை அவ்வரையறையில் சேர்க்கவில்லை. ஒரே செடியின் ஒரு பகுதி குற்றம். மற்றொரு பகுதி சில மாநிலங்களில் வாணிகம்!

பலரும் அறியாத ஒரு பிரிவும் இச்சட்டத்தில் உண்டு, அது 64-ஏ. பழக்கத்திற்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்குத் திரும்பப் பெறப்படலாம். குற்றநீக்கம் இங்கு வரவில்லை. எனினும் அதன் கருணை ஒரு சிறு வாயிலாகத் திறந்திருக்கின்றது.

என் கருத்தைக் கூறுவேனாயின், நோயாளியைச் சிறையினின்று காப்பதற்குக் கடை திறக்க வேண்டுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பேசினால்தான், ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றை மறுக்கும் நிலை மாறும்.

அத்தாயாருக்கு வழக்கைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது: “ஊரில் உறவினருக்குத் தெரிந்தால்?” பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வச்சம் இயல்பே. ஆயினும் மறைத்துவைத்த நோய் வளரும். “வழக்கறிஞரைப் பாருங்கள், அம்மா, மருத்துவரையும் பாருங்கள். பிள்ளையைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள்” என்றேன். மறுநாள் காலை மூவருமாகப் புறப்பட்டனர். தந்தையார் மகனின் தோள்மேல் கைவைத்து நடந்தார்.