கல்லும் கல்வியும்



தமிழிலே ‘கல்’ என்ற சொல் பாறைத்துண்டைக் குறிக்கும். ‘படி, அறிந்துகொள்’ என்ற ஏவலாகவும் நிற்கும். ‘கல்லுதல்’ என்றால் தோண்டுதல். இவற்றுக்கிடையே உள்ள உறவை ஆராய நான் இன்று வரவில்லை. கல்லைக் கொண்டே கற்பிக்கும் ஓர் இடத்தைப் பற்றியும், அங்கே நின்றபோது நினைவுக்கு வந்த ஒரு பழைய கடனைப் பற்றியும் சொல்லவே வந்தேன்.

முதலில் கடனைச் சொல்லிவிடுகிறேன். நான் பல ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன். தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம் கொடுப்பேன். பிள்ளைகள் பாடமாக்கிச் சோதனையில் எழுதுவார்கள். ஒரு கல்லையாவது வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை. ஒருநாள் பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பி, “சேர், எங்கட கிணத்துக் கல்லு இதில எந்த வகை?” என்று கேட்டான். “அது சோதனைக்கு வராது. நீ இதை எழுது” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் இருந்துவிட்டான். அதன்பின் அவன் என்னிடம் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

இனி இடத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், மகளின் குடும்பத்தோடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போயிருந்தேன். கொலராடோ ஆறு அரித்த பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீற்றர். ஆழம் சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேல். அதன் தென்விளிம்பு வழியே ஒரு நடைபாதை போகிறது. ‘காலப்பாதை’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்களும் வேறு அறிஞர்களும் தேசியப் பூங்காச் சேவையோடு சேர்ந்து அமைத்து, 2010 ஆம் ஆண்டு திறந்துவைத்தார்கள்.

பாதையின் கணக்கு எளிது. ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறீர்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் தரையில் ஓர் உலோக அடையாளம் பதித்திருக்கிறார்கள். பாதையின் முக்கியமான பகுதி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். அதன் முடிவில் நிற்பவர் 200 கோடி ஆண்டுகளைக் கடந்துவிட்டார். பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துவந்த பாறைகளை, ஒவ்வொன்றும் பிறந்த காலம் எதுவோ அந்த இடத்திலே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை. வெயிலிலும் பனியிலும் நிற்கும் அந்தக் கற்களை எவரும் தொட்டுப் பார்க்கலாம்.

இந்த அளவுகோலில் நம்மை வைத்துப் பாருங்கள். நம்மைப் போன்ற மனிதர் தோன்றிய மூன்று இலட்சம் ஆண்டுகள் வெறும் முப்பது சென்ரிமீற்றர். நாம் பெருமையோடு பேசும் ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் இரண்டு மில்லிமீற்றர். இந்தப் பெரிய பள்ளத்தாக்குக்குக்கூட, ஆறு அரிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், ஐந்து ஆறு மீற்றர்தான். பள்ளத்தாக்கு இளையது, அது வெட்டிக் காட்டும் கற்கள் மூத்தவை.

270 ஆவது மீற்றரின் அளவில் கைபாப் சுண்ணாம்புக்கல் வருகிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில், நம் காலடியில் இருப்பதும் அதே கல்தான். கடலிலே வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் அதில் உண்டு. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கும் மேலே, காய்ந்த மேட்டு நிலத்தில் நின்றுகொண்டு கடலின் அடித்தளத்தைத் தொடுகிறோம். அதற்கும் கீழே உள்ளது கொக்கொனினோ மணற்கல். அது காற்றுக் குவித்த பாலைவன மணல்மேடு. அந்த மணலில் நடந்த விலங்குகளின் காலடிகள் இன்றும் கல்லாய்க் கிடக்கின்றன.

340 ஆவது மீற்றரை அண்டி ‘செஞ்சுவர்’ என்று பொருள்படும் பெயருடைய சுண்ணாம்புக்கல். பள்ளத்தாக்கில் அது செக்கச்செவேல் என்று செங்குத்தாய் நிற்கிறது. பாதையிலுள்ள துண்டைத் தடவிப் பார்த்த பேத்தி, “அம்மப்பா, இது சிவப்பில்லையே, சாம்பல் நிறம்!” என்றாள். அவள் சொன்னது சரி. மேலேயுள்ள படைகளின் இரும்புச் சத்தை மழைநீர் கழுவிக் கொண்டுவந்து பூசியதால்தான் வெளிமுகம் சிவந்திருக்கிறது. உள்ளே கல் சாம்பல்தான். புத்தகத்திலே படம் பார்த்திருந்தால் நான் சிவப்பு என்றே எழுதியிருப்பேன்.

இவை மூன்றும் அடையற்பாறைகள். ஆயிரத்து எழுநூறு மீற்றரைத் தாண்டினால் உலகம் மாறிவிடுகிறது. அங்கே நமக்குப் பழக்கமான பெயர்கள் காத்திருக்கின்றன: பிரம்மா, விஷ்ணு, இராமர். இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை 1882 இல் நூலாக எழுதிய கிளாரன்ஸ் டட்டன், உள்ளே எழுந்து நிற்கும் குன்றுகளைக் கண்டு கீழைநாட்டுக் கோயில்களை நினைத்தார். ஒன்றுக்கு விஷ்ணு கோயில் என்று பெயரிட்டார். அடித்தளப் பாறைக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது. விஷ்ணு பாறை கடலடிச் சேறும் மணலுமாய்ப் பிறந்தது. பிரம்மா பாறை கருமையான எரிமலைக் குழம்பு. இராமர் பாறை வெளிறிய எரிமலைக் குழம்பு. மூன்றும் நிலத்தடியில் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் நசுங்கி உருமாறியவை. அவற்றின் பிளவுகளில் புகுந்து இறுகிய கருங்கல்லும் அருகிலேயே உண்டு, அது தீப்பாறை. நான் மூன்று தனித்தனிப் பெட்டிகளாகப் படிப்பித்த வகைகள் ஒன்றிலிருந்து ஒன்றாய் மாறி வருபவை என்பதை அந்த இடத்தில்தான் கையால் அறிந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பள்ளத்தாக்கில் பல இடங்களில் விஷ்ணு பாறையின்மேல் நேராகவே மணற்கல் படிந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 120 கோடி ஆண்டுகள் இல்லை. படிந்தவையெல்லாம் அரிபட்டுப் போயின. வேறு சில இடங்களில் மட்டும் அக்காலத்துப் படைகளில் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. சுவரில் அந்த இடைவெளி ஒரு கோடு. பாதையில் அதை நடந்தால் ஒரு கிலோமீற்றருக்கும் மேல். கால் வலித்தபோதுதான் இழந்தது எவ்வளவு என்று தெரிந்தது.

அங்கேதான் அந்த மாணவனின் நினைவு வந்தது. நேயர்களே, அவன் இன்று எந்த நாட்டில் இருக்கிறானோ அறியேன். ஒருவேளை இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்குச் சில வார்த்தைகள்.

தம்பி, உங்கள் கிணற்றுக் கல் அடையற்பாறை. மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். காலப்பாதையில் வைத்தால், ஐந்தாவது மீற்றருக்கும் இருபத்து மூன்றாவது மீற்றருக்கும் இடையில் அதற்கு இடம் உண்டு. அதன் வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கித் தங்குவதால்தான் உங்கள் வாளிக்கு நல்ல தண்ணீர் வந்தது. இன்னொரு பிழையும் விட்டேன். கருங்கல் தீப்பாறைக்கு உதாரணம் என்று எழுதச் சொன்னேன். மலைநாட்டிலே நாம் கருங்கல் என்று சொல்லி அத்திவாரத்துக்கு இடும் கல்லில் பெரும்பகுதி உருமாறிய பாறை, நைஸ் என்பார்கள். இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு அத்தகைய பழம்பாறைதான். உருகி இறுகிய உண்மையான கருங்கல்லைப் பார்க்க வேண்டுமானால், புத்தளம் மாவட்டத்துத் தொனிகலவில் இளஞ்சிவப்பாய் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலிருந்து ஒன்று, மலைநாட்டிலிருந்து ஒன்று, தொனிகலப் பக்கத்திலிருந்து ஒன்று. மூன்று கற்களை ஒரு பாடசாலை முற்றத்து மரநிழலில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. இன்று படிப்பிக்கும் ஆசிரியர்கள் அதைச் செய்யலாம். பிள்ளை கேட்டால், சோதனைக்கு வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், “வா, போய்ப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அதுதான்.