வீடு தேடி வந்த சோதனை



நெருப்பை அணைத்தற்கு உகந்த வேளை அது பொறியாய் இருக்கும் வேளையே. ஆயின், கண்ணுக்குப் புலனாகாத பொறியை எங்ஙனம் தேடிப் பிடிப்பது? இவ்வினாவுக்கு 2021ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தார் கண்ட விடையொன்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

அவ்வாண்டு பெப்ரவரி முதலாந் திகதி, அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் மற் ஹன்கொக் ஓர் அறிவித்தல் விடுத்தார். இலண்டனைச் சேர்ந்த ஹன்வெல், தொட்டன்ஹாம், மிச்சம் ஆகிய பகுதிகளிலும், வோல்சோல், புறொக்ஸ்பேண், மெயிட்ஸ்ரன், வோக்கிங், சவுத்போட் ஆகிய ஊர்களின் சில பகுதிகளிலும், பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், நோய்க்குறி இருப்பினும் இல்லாவிடினும், கொவிட் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வேண்டப்பட்டனர். இவ்வெட்டு இடங்களிலும் ஏறத்தாழ 80,000 பேரைப் பரிசோதிப்பது நோக்கமாக இருந்தது. உள்ளூராட்சி ஊழியரும் தொண்டர்களும் பரிசோதனைப் பொதிகளை ஏந்தி வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். சில இடங்களில், சிறிது நேரம் கழித்து மீண்டும் வந்து மாதிரிகளைப் பெற்றுச் சென்றனர்.

இத்துணை முயற்சிக்குக் காரணம் யாது? வைரசுக் கிருமி உடலினுள் தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுவது. ஏட்டைப் பார்த்துப் படியெடுப்போன் எழுத்துப் பிழை விடுதல் போல, அதற்கும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகளால் விளைவொன்றுமில்லை. அரிதாகச் சில, கிருமிக்குப் புது வலிமை தந்துவிடுகின்றன. அங்ஙனம் மாறிய உருவமொன்றைத் தென்னாபிரிக்க அறிஞர் 2020 திசெம்பரில் உலகுக்கு அறிவித்தனர். பின்னர் உலக சுகாதார தாபனம் அதற்குப் பீற்றா எனப் பெயரிட்டது. முன்னைய தொற்றினாலோ தடுப்பூசியினாலோ உடலில் விளையும் எதிர்ப்பாற்றலை அது ஓரளவு ஏய்த்துவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. தடுப்பூசி ஏற்றும் பணி அப்பொழுதுதான் தொடங்கியிருந்தமையால், அவ்வச்சம் பெரிதாயிற்று.

திசெம்பர் 22ஆந் திகதி முதல் அறிவித்தல் வெளிவந்த நாள் வரை இங்கிலாந்தில் அவ்வுருவம் 105 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் 11 பேருக்கு வெளிநாட்டுப் பயணத்தோடு எவ்விதத் தொடர்பும் காணப்படவில்லை. நேயர்களே, இங்கு கருத வேண்டிய எண் 105 அன்று, 11 என்பதே. பயணியிடம் கண்ட நோய் வெளியே இருந்து வந்தது. பயணஞ் செய்யாதவரிடம் கண்ட நோயோ, அயலிலே அறியப்படாத வேறொருவர் உளர் என்பதற்குச் சான்று. அந்த ஒருவரைத் தேடியே வீடு வீடாகக் கதவுகள் தட்டப்பட்டன. நோய் உண்டெனக் கண்ட மாதிரிகளின் மரபணு எழுத்துக்களை ஆய்வுகூடத்தில் வரிசையாக வாசித்தே, இஃது எவ்வுருவம் என்று துணிந்தனர்.

இம்முயற்சி வெற்றி பெற்றதா எனக் கேட்பீர்கள். பீற்றா அந்நாட்டில் மேலோங்கவில்லை என்பது உண்மை. ஆயினும், அதற்குச் சோதனை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அக்காலத்தில் விரைந்து பரவிய அல்பா என்னும் உருவம் மற்றையவற்றுக்கு இடங்கொடாது நின்றமையும், மக்கள் வீட்டோடு அடங்கியிருந்தமையும் துணைசெய்தன. அதே ஆண்டு மே மாதத்தில் போல்ரன் போன்ற நகரங்களில் டெல்ற்றா உருவத்தைத் தடுக்க இவ்வாறே சோதனை நடத்தப்பட்டது. எனினும் யூன் மாத நடுப்பகுதிக்குள் அந்நாட்டில் புதிதாக நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோரிடம் டெல்ற்றாவே காணப்பட்டது. தேடுதல் நோயின் வேகத்தைத் தணிக்கலாம். தனித்து நின்று அதனை வெல்லாது.

எனின், தேடுதல் வீணோ? அன்று. நமது நாட்டின் மலேரியா வரலாறே இதற்கு மறுமொழி கூறும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட அக்காய்ச்சல், 1963இல் ஆண்டு முழுவதற்கும் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று நாம் ஆறியிருந்தோம், விழிப்புத் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் நோயுற்றோர் தொகை இலட்சக் கணக்காயிற்று. பின்னர் பல்லாண்டுக் காலம், காய்ச்சல் கண்டோரின் விரல்நுனிக் குருதியை ஊரூராகச் சென்று எடுத்துச் சோதித்த ஊழியரின் பொறுமையும் சேர்ந்தே, 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றுத் தந்தது. நோயாளர் மிகச் சிலராய் இருக்குங் காலமே தேடுதற்குரிய காலம் என்பதை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம்.

இனி, யான் சொல்ல விழைந்த முதன்மையான செய்தி. கொவிட் காலத்தில் எங்கள் ஊரில் பரிசோதனை நடைபெற்ற நாளன்று, என் மாணவன் ஒருவனுடைய தந்தை வரவில்லை. கூலி வேலை செய்பவர். காரணம் வினவியபோது, “சோதனைக்குப் பயமில்லை ஐயா. நோய் இருக்கென்று சொல்லிவிட்டால் பதினான்கு நாள் அடுப்பு எரியாதே, அதற்குத்தான் பயம்” என்றார். அவரை அறிவீனர் என்று கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. குறைந்த வருமானமுடையோர் தனித்திருக்கும் நாட்களுக்கென இங்கிலாந்தில் 500 பவுண் உதவிப்பணம் 2020 செப்தெம்பரில் ஏற்படுத்தப்பட்டதும் இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே.

ஆகவே, சோதனை என்பது ஆய்வுகூடத்தின் வேலை மட்டுமன்று, ஊராரின் வேலையுமாகும். நோய் கண்டவர் வீட்டு வாயிலில் அரிசியும் பருப்பும் வைத்து வருவோர் இருப்பின், அடுத்த வீட்டார் தாமாகவே சோதனைக்கு வருவர். நோய் கண்டவரைக் குற்றவாளிபோல் நோக்குவோமாயின், அடுத்தவர் கதவைச் சாத்திக்கொள்வர். சாத்திய கதவுக்குப் பின்னால் கிருமி வளரும். இன்னொரு புதிய நோய் என்றேனும் நம் வாயிலுக்கு வரலாம். அதற்கு முன்பு கதவைத் தட்டுவோர் சுகாதார ஊழியராய் இருக்கட்டும். திறப்போர் நாமாய் இருப்போம்.